பாதியில் நின்ற படங்கள்

கணவரும் மகளும் கனடாவுக்குப் போன பிறகு கெலிஓயாவில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்துத் தனியே இருந்தேன். கண்டி நகரில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். யுத்தம் மறுபடி மூண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பாதை மூடிக் கிடந்தது. எனக்கு விசாவும் வந்தபாடில்லை. பின்னேரம் வந்து கதவைப் பூட்டினால் மறுநாள் காலைவரை என்னோடு பேச ஒருவரும் இல்லை. கணவர் விட்டுச் சென்ற பழைய கணினி ஒன்று மேசையில் இருந்தது. தொலைபேசி வயரை அதில் கொழுவி, அது கீச்சிட்டு ஓயும்வரை காத்திருந்தால் இணையம் வரும்.

மகளுக்கு அப்போது ஏழு வயது. கணவர் அவளைப் படமெடுத்து அனுப்புவார். படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கும். முதலில் சுவர், பிறகு தலைமுடி, பிறகு நெற்றி. அந்த அளவில் இணைப்பு அறுந்துவிடும். திரும்ப இணைத்தால் திரும்பவும் சுவரிலிருந்துதான் தொடங்கும். முன்பல் விழுந்துவிட்டது என்று மகள் எழுதியிருந்தாள். மாதக்கணக்காக அவளுடைய வாயை நான் காணவில்லை.

கணினியில்தான் பிழை என்று நினைத்தேன். தேவையில்லாத கோப்புகளை அழித்தேன். தானாகத் தொடங்குகிறவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வைரஸ் தேடினேன். பெட்டியைக் கழற்றிச் சின்னத் தூரிகையால் தூசு தட்டினேன். கணினி கொஞ்சம் சுறுசுறுப்பானது. இணைப்பு மட்டும் அறுந்துகொண்டே இருந்தது. மழையில் வயர் நனைகிறதோ என்று பார்த்தால் வெயில் நாளிலும் அறுந்தது. கடைசியில் ஒரு கொப்பியை எடுத்து, அறுகிற நேரத்தை எழுதி வைக்கத் தொடங்கினேன். பின்னேரங்களில் கால்மணித்தியாலம் கூட அது தாக்குப்பிடிக்கவில்லை. தொலைக்காட்சியில் யுத்தச் செய்தி போன பிறகு இன்னும் மோசம்.

கெலிஓயாச் சந்தியில் அக்குறணைக்காரர் ஒருவர் கணினி திருத்தும் கடை வைத்திருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கொப்பியையும் புரட்டினார்.

“கம்ப்யூட்டர்ல ஒண்ணுமில்ல டீச்சர். இந்த லைன்ல வேற ஃபோன் ஈக்குதா?”

“ஓம். கீழ வீட்டுக்காரம்மாவிட்ட ஒண்டு இருக்கு.”

“அப்ப அதுதான். அவங்க ரிசீவரத் தூக்கினா இங்க அறுந்துடும். சும்மா தூக்கிட்டு வெச்சாலே போதும். போய் ஒரு வார்த்த சொல்லுங்க.”

சொல்வது எனக்கு இலகுவாக இல்லை. வீட்டுக்காரம்மா சிங்களவர். அவருடைய கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் இராணுவத்தில் சேர்ந்து வடக்கே நின்றான். யாழ்ப்பாணத்து ஆளான எனக்கு வீடு கொடுத்ததோடு, தமிழர் கட்டாயம் செய்ய வேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்கும் அவரே என்னுடன் வந்தவர். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு. சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் மனதுக்குள் மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன்.

கதவு திறந்திருந்தது. தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே ரிசீவரைத் தூக்கி, காதில் வைத்துக் கேட்டு, திரும்ப வைத்தார்.

“ஃபோன் பழுதா அக்கா?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

“லைன் இருக்கா எண்டு பாக்கிறன்,” என்றார் அவரும் சிங்களத்தில். “மகன் கோல் எடுக்கிற நேரம் லைன் செத்துக் கிடந்தா என்ன செய்யிறது? பின்னேரத்தில தூக்கினா இரைச்சலாக் கேக்குது, டீச்சர். பிறகு சரியாகும். திரும்பவும் இரையும். அந்தப் பயத்திலதான் தூக்கித் தூக்கிப் பாக்கிறன்.”

அந்த இரைச்சல் என்னுடையது.

“மகன் கடைசியா எப்ப எடுத்தவர்?”

“இருபத்தாறு நாள்.”

ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை. “அந்தச் சத்தம் நான் போடுறது அக்கா,” என்றேன். “நான் கம்ப்யூட்டரில இருக்கிற நேரம் வெளியில இருந்து ஆர் எடுத்தாலும் லைன் கிடைக்காது.”

வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றே நினைத்தேன்.

“நீங்க கம்ப்யூட்டரில என்ன பாக்கிறது?”

“மகளின்ர படம்.”

தொலைபேசியைப் பார்த்தபடி, “காலமையில பாருங்க,” என்றார். “காலமையில அவன் எடுக்கிறதில்ல.”

அதன்பின் விடிய ஐந்து மணிக்கு எழும்பினேன். அங்கே அப்போது முதல்நாள் மாலை. கீழே யாரும் ரிசீவரைத் தொடவில்லை. முதல் நாளே ஒரு படம் அறாமல் முழுதாக இறங்கியது. நெற்றி, கண், மூக்கு, கடைசியாக வாய். விழுந்த இடத்தில் புதுப்பல் பாதி முளைத்திருந்தது. ஓட்டைப் பல்லோடு அவள் சிரித்ததை நான் காணவே இல்லை. படம் வந்துவிட்டது என்று சொல்லக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. கதிரையிலேயே இருந்து அழுதேன்.

அந்தக் கிழமைக்குள் அவருடைய மகன் எடுத்தான். பேசி முடித்ததும் அவர் படியேறி வந்து, அவன் நிற்கும் இடத்தின் பெயரைச் சொன்னார். என் ஊரிலிருந்து இரண்டு மைல்.

“அங்க தண்ணி நல்லமா டீச்சர்?”

“எங்கட கிணத்துத் தண்ணி நல்லது,” என்றேன். அந்தக் கிணறு உள்ள வீட்டில் இப்போது எங்களுடைய ஆட்கள் ஒருவரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவன் காலில் காயத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான். இனி எந்த நேரமும் இணையம் பார்க்கலாம் என்று அவர் சொன்னார். ஆனால் மகளுக்கு வீட்டுப்பாடம் கூடிவிட்டது, கணவருக்கு இரண்டாவது வேலை கிடைத்திருந்தது. படங்கள் குறைந்தன. பழக்கத்தில் நான் ஐந்து மணிக்கே எழும்பினேன். இணைப்பு ஒரு மணித்தியாலமும் அறாமல் நிற்கும், மின்னஞ்சல் ஒன்றும் இருக்காது. சில நாட்களில் கீழேயிருந்து அவர் தேத்தண்ணி கொண்டுவருவார். விசா வருவதற்கு இன்னும் மூன்று வருடங்கள் சென்றன.