ரெட்டையும் என் தங்கை வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்கு ஆபீசில் ரெட்டை என்று பெயர். கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று பலருடைய வெப்சைட்டுகளைத் தன் கம்ப்யூட்டர்களில் வைத்து நடத்தும் கம்பெனி அது. ஒரு கட்டடத்து நெட்வொர்க் முழுக்க இவர் பொறுப்பு. இன்டர்நெட் லைன் இரண்டு, கரண்ட் வரும் வழி இரண்டு, ஏசி இரண்டு. வீட்டிலும் சிலிண்டர், குடை, பூட்டு எல்லாம் ஜோடிதான். "நல்லவேளை, பொண்டாட்டிய ஒண்ணோட நிறுத்திட்டீங்க" என்பேன். சிரிக்க மாட்டார், உம்மணாமூஞ்சி.

அதே கம்பெனியின் பக்கத்துக் கட்டடம் என் தங்கை வீட்டுக்காரர் பொறுப்பில். அவருக்கும் லைன் இரண்டுதான். ஆனால் அலைய சோம்பல்பட்டு, இரண்டையும் முன்தெருவில் ஒரே பள்ளத்தில் புதைத்துவைத்தார் மகராசன். என் வீட்டுக்காரரோ ஒன்றை முன்தெரு வழியாகவும் மற்றதைப் பின்சந்து வழியாகவும் கொண்டுவந்தார். அதற்காக அந்தச் சந்தில் வெயிலில் நின்று கருத்தே போனார்.

போன மாதம் குழாய் பதிக்க முன்தெருவைத் தோண்டினார்கள். பொக்லைன் இழுத்த இழுப்பில் தங்கை புருஷனின் இரண்டு லைனும் போச்சு. இவருடையதிலும் ஒன்று போச்சு. ஆனால் பின்சந்து லைன் தானாகவே வேலையை எடுத்துக்கொண்டது. ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை. அங்கேயோ வெப்சைட்டுகள் மொத்தமும் படுத்துவிட்டன. கடைக்காரர்கள் போனில் கத்தித் தீர்த்தார்கள். தங்கை புருஷன் ஹெல்மெட்டோடு பள்ளத்தில் இறங்கி நின்று, ஆட்களை விரட்டி, சாயங்காலத்துக்குள் ஒட்டவைத்துவிட்டார். முதலாளி எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். நெட்வொர்க் தலைமைப் பதவி காலியாக இருந்த நேரம் வேறு. இவர் எத்தனையோ வருடமாக எதிர்பார்த்திருந்த பதவி.

தங்கை போன் போட்டாள்.

"அக்கா, இவரத் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க! மாமாக்கு வேலையே இருக்காது போல? ஒரு போன்கூட வராதாமே!"

எனக்கு அடிவயிறு பற்றி எரிந்தது. கோட்டை விட்டவருக்குக் கைதட்டல், காப்பாற்றியவருக்கு நக்கலா?

இவருடைய அறுந்த லைனும் ஒட்டியாகிவிட்டது. நான் விடவில்லை. "நீங்களும் ஒரு தடவ லைனப் புடுங்கிட்டு, அப்புறம் சரி பண்ணிக் காட்டுங்க. அப்பவாவது நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு தெரியட்டும்" என்றேன்.

"சும்மா இரு" என்றார். ஆனால் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. பொறாமை எனக்கு மட்டுமா என்ன?

மறுநாள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"புடுங்கிட்டேன்" என்றார்.

"ஐயையோ! அப்புறம்?"

"போனப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல. லைன் போச்சுன்னு ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு. அதுவும் எனக்குத்தான். இன்னொரு லைன் எடுத்துக்கிச்சு. அப்படித்தான போட்டு வச்சிருக்கேன்!"

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அப்ப அந்த இன்னொண்ணையும் புடுங்க வேண்டியதுதான?"

"வாய மூடு!" என்று கத்தினார். என்னிடம் அதிர்ந்து பேசாத மனிதர். "எத்தன பேர் பொழப்பு அதுல ஓடுது! அது மேல கை வைக்கச் சொல்றியா?"

பதவி தங்கை புருஷனுக்கே போனது. தங்கை முகத்தில் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: நான் கேட்டும் அவர் தொட மறுத்த அந்த லைன் மேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சல், அவள் மேல்கூட வந்ததில்லை.