ஐஸ் காயும் என் மணிக்கட்டும்

என் வலது மணிக்கட்டு உடைந்தது கீரனூர் பேருந்து நிறுத்தத்தில். திருச்சியில் நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு கால் படியில் இருந்தது, இன்னொரு கால் தரையைத் தொடவில்லை, அதற்குள் நடத்துநர் விசிலடித்துவிட்டார். கையை ஊன்றி விழுந்தேன். நான் எழுந்து பார்த்தபோது பேருந்து புதுக்கோட்டைப் பக்கம் போய்விட்டிருந்தது. "பாத்து எறங்கக் கூடாதாம்மா" என்று நிறுத்தத்தில் நின்ற ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். விசிலடித்தவரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டு, ஒன்றரை மாதத்துக்குக் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். பள்ளிக்கூடத்தில் உடனே விடுப்புக் கொடுத்துவிட்டார்கள். அடுப்படியில் யார் கொடுப்பது?

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர், என் மாமியார். மாமியாருக்கு விரல்கள் முடக்குவாதத்தில் வளைந்து போய்ப் பல வருடமாகிறது. அவர் கத்தி பிடிக்க முடியாது. அவரைக் குறை சொல்லவில்லை. கணவருக்கு விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. குன்றாண்டார்கோவிலில் ஓர் அலுவலகத்தில் வேலை. தண்ணீர் மோட்டாரைத் தானே பிரித்து மாட்டுவார், வண்டிச் சக்கரத்தைக் கழற்றுவார். கத்தரிக்காயைக் கையில் கொடுத்தால், "எனக்கு அதெல்லாம் வராதும்மா. ஹோட்டல்ல வாங்கிக்கலாம்" என்பார்.

அப்படியே வாங்கினோம். காலையில் இட்லி, மதியம் பொட்டலச் சோறு, ராத்திரி பரோட்டா. அந்தச் சால்னா எப்போது வைத்தது, எந்த எண்ணெயில் தாளித்தது என்று எங்கள் வீட்டில் ஒரு வாய் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் மாமியாருக்கு வயிறு கெட்டது. அப்போதும் ஹோட்டலை யாரும் திட்டவில்லை. "இவ கை சரியா இருந்தா இப்படி ஆகுமா" என்றுதான் பேச்சு வந்தது.

கத்தாரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் போன விடுமுறைக்கு வந்தபோது, சூடான காற்றிலேயே காயை வறுக்கிற ஓர் ஏர் ஃப்ரையர் கொண்டுவந்திருந்தார். அது அட்டைப் பெட்டியோடு பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. யாராவது வந்தால் மாமியார் அதைக் காட்டி, "சின்னவன் கொண்டாந்தது. எண்ணெயே வேணாமாம்" என்பார். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அதற்குள் எதையும் வைத்துச் சமைத்ததில்லை.

என்னைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்த சக ஆசிரியை ஒருவர் ஹார்லிக்ஸுக்குப் பதிலாக உறைந்த காய்கறிப் பாக்கெட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தார். பீன்ஸ், கேரட், பட்டாணி, காலிஃப்ளவர் எல்லாம் நறுக்கியே இருந்தன. "கத்தியே வேணாங்க. ஒத்தக் கையால செஞ்சிரலாம்" என்றார். அந்த ஒன்றரை மாதத்தில் எனக்கு உருப்படியாக உதவிய ஒரே வாக்கியம் அதுதான்.

கணவரைப் பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னேன். அந்த ஊர்ப் பிளக் நம் ஊர்ச் சுவரில் நுழையவில்லை. கடைத்தெருவுக்குப் போய் ஓர் அடாப்டர் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். மிஷின் சம்பந்தப்பட்டது என்பதால் அந்த வேலையைச் சுறுசுறுப்பாகவே செய்தார்.

முதல் தடவை கெடுத்துவிட்டேன். ஐஸ் இறங்கட்டும் என்று காயைத் தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு மிஷினின் கூடையில் கொட்டினேன். அது வறுபடவில்லை, கொழகொழவென்று வெந்து கிடந்தது. போதாதென்று மேலே தூவிய கறிவேப்பிலை உள்ளே சுழன்ற காற்றில் பறந்து போய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகி, வீடெல்லாம் நாற்றம். மறுநாள் மாற்றிச் செய்தேன். முதலில் வெறும் கூடையைச் சூடாக்கினேன். பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கல்லு மாதிரி இருந்த காயை அப்படியே எடுத்து, ஒரு கரண்டி எண்ணெயில் பிரட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். நடுவில் ஒருமுறை வெளியே இழுத்துக் குலுக்கினேன். ஈரம் வற்றிய பிறகுதான் உப்பும் மிளகாய்த்தூளும். பீன்ஸ் ஓரம் சிவந்து, காலிஃப்ளவர் முனை முறுகி, பட்டாணி தோல் சுருங்கி வந்தது. இடது கையால், யாரையும் கெஞ்சாமல், நானே சமைத்தது. ஹோட்டல் ரசம் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் ஒரு பீன்ஸை எடுத்து முகர்ந்தார். "செத்த காய். ஐஸ்ல கெடந்தது. ஒடம்புக்கு ஆகுமா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம காய் மாதிரி வருமா?" என்றார் கணவர். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் சொன்னார்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பொறுக்க முடியாமல் போனது.

கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார், கோயில் பூசை முடிந்ததும் புருஷனோடு என் கையைப் பார்க்க வந்தாள். என் கணவருக்குத் தங்கை. அவளுக்குக் கூட்டுக் குடும்பம், தோட்டம், தினமும் சந்தைக்குக் காய் போகிற வீடு. வரும்போது ஒரு சாக்கு நிறையக் கத்தரி, வெண்டை, கொத்தவரை, புடலை. கொண்டுவந்து கூடத்தில் இறக்கினாள்.

"கடையில ஐஸ் காய் வாங்குறீங்களாமே அண்ணி. அம்மா போன்ல சொல்லுச்சு. நாங்க இங்கிட்டு மண்ணுல கெடந்து வெளைய வைக்கிறோம், நீங்க பாக்கெட்டுல வந்ததத் திங்கிறீங்க. எங்களுக்குக் கேவலமா இருக்குல்ல?"

அவள் புருஷன் சிரித்தார். "டீச்சர் வேலை. சம்பளம் வருது. சோம்பேறித்தனத்துக்கும் மிஷின் வந்துருச்சு" என்றார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். மாமியார் சாக்குக்குள் கைவிட்டு, "ஆகா, என்னா பிஞ்சு" என்றார்.

நான் மாவுக்கட்டுக் கையைக் கழுத்துத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு அந்தச் சாக்கைப் பார்த்தேன். அருமையான காய்தான். காலையில் பறித்தது. ஆனால் யார் கழுவுவது, யார் காம்பு கிள்ளுவது, கொத்தவரைக்கு யார் நார் உரிப்பது? உடைந்த கையைப் பார்க்க வந்தவர்கள் அந்தக் கைக்கே ஒரு சாக்கு வேலையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அது அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உள்ளே போய் அரிவாள்மனையை இடது கையால் எடுத்து வந்தேன். என் கணவருக்கு முன்னால் வைத்தேன்.

"என்னது?" என்றார்.

"நல்ல காய் வந்துருக்குல்லங்க. நறுக்குங்க. நான் சமைக்கிறேன்."

"வெளையாடாத. வந்தவங்க இருக்காங்க."

"வந்தவங்களும் நறுக்கட்டும். சோம்பேறி இல்லாதவங்க இத்தனை பேரு இருக்கீங்களே."

நாத்தனாரின் புருஷன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் கீழே உட்கார்ந்து கத்தரிக்காயை நறுக்கியவள் நாத்தனார்தான். பூசைக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, தலையைக் குனிந்தபடி நறுக்கினாள். நான் கணவருக்குப் போட்ட அரிவாள்மனையில் அவள் போய் உட்கார்ந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "நீ எந்திரி" என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் போன பிறகு கணவர் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மிச்சக் காயை நான் தொடவில்லை. புடலை வாடியது, வெண்டை முற்றியது. மூன்றாம் நாள் சாயங்காலம் அவராகவே அடுப்படிக்கு வந்து, குளிர்பெட்டியிலிருந்து பாக்கெட்டை எடுத்து, "எம்புட்டு சூடு வைக்கணும்?" என்று கேட்டார். சொன்னேன். கூடையை எப்போது குலுக்க வேண்டும், உப்பை எப்போது போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எனக்கு மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

தட்டில் வைத்ததும் மாமியார் வாயில் போட்டு மென்றார். முகம் மலர்ந்தது.

"அடடா. எம்மகன் கை பட்டதும் ருசியே வேற. என்னமா முறுகலா இருக்கு. கைமணம்னா இதுதான்."

அதே பாக்கெட். அதே மிஷின். அதே உப்பு. நான் செய்தால் செத்த காய், அவர் செய்தால் கைமணம்.

"அத்தை, இது அந்தச் செத்த காய்தான்" என்றேன்.

"இருக்கட்டுமே. அவன் பக்குவமா செஞ்சிருக்கான்ல."

நான் கணவரைப் பார்த்தேன். இவராவது உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். "சூடு கரெக்டா வச்சேம்மா" என்றார் தன் அம்மாவிடம். அன்றைக்கு நான் அங்கே சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பின்னால் வந்து, "நீ சொல்லித்தான் செஞ்சேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "அதை உள்ள வந்து எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க சொல்லுங்க" என்றேன். கூடத்தில் போய்ச் சொன்னார். மாமியார் என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அதன் பிறகு செத்த காய் என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் வரவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த வாரத்தில் நாத்தனார் போன் செய்தாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, அந்த மிஷின்ல கத்தரிக்கா போட்டா வருமா?"

"வரும். எண்ணெய் தடவிப் போடணும். ஏன் இப்படி மெதுவாப் பேசுற?"

"அத்தை பக்கத்துல இருக்காங்க. எட்டுப் பேருக்கு ரெண்டு பொரியல், ஒரு கூட்டு. நாலரைக்கு எந்திரிச்சா நறுக்கி முடிக்கவே விடிஞ்சிருது அண்ணி. வெரலெல்லாம் அம்மா மாதிரி வலிக்க ஆரம்பிச்சிருக்கு."

எங்கள் கூடத்தில் நின்று மண்ணையும் விளைச்சலையும் பேசியவள் இவள். சந்தைக்குக் காய் அனுப்புகிற வீட்டில், தன் விரல் வலியை யாருக்கும் கேட்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றே கத்தாருக்குப் போன் போட்டேன். "தம்பி, அடுத்த தடவ வாரப்ப ஒங்க தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"அவளுக்கு எதுக்கு அண்ணி? வேலைக்கா போறா? வீட்டுலதான இருக்கா" என்றார்.

திருச்சிக்குப் போய் வருகிற எனக்கு அது சோம்பேறித்தனம். வீட்டில் இருக்கிற அவளுக்கு அது தேவையே இல்லை. அப்படியென்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் அது ஆகும்? அவள் நாலரைக்கு எழுவதையும், விரல் வலியையும், எட்டுப் பேர் தட்டையும் மூச்சு விடாமல் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, கூடத்தில் டி.வி. சத்தத்தைக் கணவர் குறைத்தார்.



"எந்த சைஸ் அண்ணி?" என்றார் கொழுந்தன்.

"இருக்குறதுலயே பெருசு" என்றேன். "கூடவே அடாப்டரையும் வாங்கிருங்க."