சுயம்புராஜ் கண்டுபிடித்த கடை

பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருக்கும் சுயம்புராஜிடம் உரம் வாங்க வருகிறவர்களைவிட, சாப்பாட்டுக்கு வழி கேட்டுப் போன் போடுகிறவர்கள்தான் அதிகம். "அண்ணாச்சி, தக்கலையில நிக்கேன், மத்தியானம் எங்க தின்னலாம்?" என்று கேட்டுவிட்டால் போதும், கல்லாவை அப்படியே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். போர்டு வைத்த கடையில் ருசி இருக்காது. நம்ம பக்கம் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டு மீன்சோறு விளம்புகிற வீட்டுக்கடைகள் உண்டே, பெயரும் கிடையாது, பலகையும் கிடையாது, வாசலில் செருப்பும் வண்டிகளும் மட்டும் கிடக்கும். அங்கேதான் மனுஷன் மோப்பம் பிடித்துப் போய் நிற்பார்.

ஊரே மெச்சுகிற அந்த நாக்குக்கு வீட்டுக்குள் மட்டும் மரியாதை இல்லை. கல்யாணமான நாள்முதல் அவர் கூட்டிப்போன எந்தக் கடையிலும் அவர் மனைவி நாகம்மை இரண்டாம் தடவை கேட்டு வாங்கியதே கிடையாது. விளம்ப வருகிறவனைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, பரவாயில்லை என்கிற மாதிரி "கொள்ளாம்" என்பாள். அந்தக் கொள்ளாம் இருக்கிறதே, மழை பெய்தாலும் அதைத்தான் சொல்வாள், பஸ் வந்தாலும் அதைத்தான் சொல்வாள். அவருக்கு உள்ளுக்குள் வேகும். ஒரே ஒரு தடவை அவள் ருசித்து, கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது மனுஷனுக்கு வெளியே சொல்ல முடியாத ஆசை.

மஸ்கட்டில் வேலைபார்க்கும் மருமகன் முருகதாஸும் மகள் ரேஷ்மியும், "வாங்க, ஒமானைக் காரிலேயே சுத்திக் காட்டுகோம்" என்று விசா எடுத்து அழைத்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாகம்மையோ ஒரு பை நிறைய ஊர்ப் பலகாரம், முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் வற்றலுமாக, அடைத்துக்கொண்டாள். அந்தப் பையைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது.

"ஏட்டி, அந்த நாட்டுக் கடைச் சாப்பாட்டையே உன்னை ரெண்டாம் தடவ கேட்டு வாங்க வைக்கேன், பாரு."

"வைக்கலேன்னா?"

"கடை சொல்லுகதையே விட்டுருதேன். ஒருத்தனுக்கும் சொல்ல மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே பகீரென்றது. கடை சொல்லாத சுயம்புராஜை ஊரில் யார் தேடுவார்கள்?

முதல் நாள் கடற்கரைக் கடையில் சுட்ட மீன். கொள்ளாம். அடுத்த நாள் மலையடிவாரத்தில் ரொட்டியும் தேனும். அதுவும் கொள்ளாம். அதற்கடுத்து, வாசலில் அரபியில் மட்டும் எழுதியிருந்த ஒரு கடைக்குள், போர்டு இருந்தாலும் நம்மவன் எவனும் எட்டிப்பார்க்காத கடை என்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். உள்ளிருந்து வந்தவன் டெனிஷ், அருமனைக்காரன். "அண்ணாச்சி, நம்ம ஊரா?" என்று கட்டிப்பிடித்து, மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து வைத்தான். நாகம்மை சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

கடைசி நாள் மத்தியானம், நிஸ்வாவிலிருந்து திரும்புகிற வழியில், பேரீச்சந்தோப்புக்கு நடுவே ஒரு பெரிய வீடு தெரிந்தது. முன்னால் கூடாரம், வரிசையாகக் கார்கள், வாசலில் செருப்புக் குவியல், பின்பக்கம் புகை.

"நிப்பாட்டும் மாப்பிளே."

"மாமா, இது வீடு மாதிரி தெரியுது."

"வீட்டுக்கடைதான். போர்டு இருக்கா? இல்லைல்லா? செருப்பு கெடக்கதப் பாரும்."

மலையாளி ஓட்டல்களைத் தவிர வேறெதையும் அறியாத முருகதாஸ், மாமனாரை எதிர்த்துப் பேசுவானேன் என்று வண்டியை ஓரங்கட்டினான். வாசலில் நின்ற வெண்தாடிக்காரர் சுயம்புராஜின் கையை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இப்படி வரவேற்கிற கடையை நாகர்கோவிலில் காட்டு பார்ப்போம் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. நாகம்மையையும் ரேஷ்மியையும் இரண்டு பெண்கள் வீட்டுக்குள் அழைத்துப்போனார்கள். பெண்களுக்குத் தனி ரூம் போட்டிருக்கிறான், நல்ல கடைதான் என்று நினைத்தார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவள் சாப்பிடுவதைப் பார்க்க முடியாதே.

பெரிய தாம்பாளத்தில் சோறு வந்தது. அதன்மேல், இலையில் பொதிந்து மண்குழிக்குள் புதைத்து வேகவைத்த ஆட்டிறைச்சி. விரல் பட்டதும் எலும்பைவிட்டுக் கழன்றது. கொஞ்ச நேரம் பெண்டாட்டி, பந்தயம் எல்லாம் மறந்தே போயிற்று. பிறகு நினைவு வந்து, "ரேஷ்மிக்குப் போன் போடும், அம்மை என்ன செய்யுகான்னு கேளும்" என்று மருமகனைப் பிடுங்கினார். அவள் எடுக்கவில்லை.

கை கழுவியதும் பர்ஸை எடுத்து, பில் கேட்டார். மலையாளம் கொஞ்சம் தெரிந்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பைசா வேண்டா. இது கல்யாணம். ஞான் மாப்பிள்ளையுட மாமன்."

சுயம்புராஜுக்குக் காது சுட்டது. பெரிய பெரிய கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டால்தான் போகிற மனுஷன், கடல் தாண்டி வந்து கூப்பிடாத பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். மாமன் சும்மா இருப்பாரா, கூடாரம் முழுக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்து, முதுகில் தட்டி, இன்னொரு தட்டு அல்வாவைக் கொண்டுவந்து வைத்தார்கள். சிரிப்பு அவரையும் தொற்றிக்கொண்டது.

காருக்கு வந்த நாகம்மையின் கை நிறைய மருதாணி. உதட்டில் நெய் மினுங்கியது. முந்திரிக்கொத்துப் பை காலியாகத் தொங்கியது.

"எப்படி இருந்துது?" என்றார்.

"கொள்ளாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. ரேஷ்மிதான் பொறுக்கமாட்டாமல் உடைத்தாள். "அப்பா, அம்மை ரெண்டாம் தடவ இல்ல, மூணாம் தடவயும் வாங்குனா. அவங்களுக்கு முந்திரிக்கொத்தக் குடுத்து, சாடை காட்டி எறச்சியக் கேட்டு வாங்குனா."

"அதுக்கென்ன? அது கடை இல்லியே," என்றாள் நாகம்மை. "கல்யாண வீடுல்லா. பந்தயத்துல நீங்க தோத்தாச்சு."

மூணு தடவை. அதைக் கேட்ட பிறகு தோற்றால் என்ன, ஜெயித்தால் என்ன? மஸ்கட் வரும்வரை மனுஷன் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பிய வாரத்தில் தக்கலையிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, எங்க தின்னலாம்?" சுயம்புராஜ் வாயைத் திறந்தார், கொடுத்த வாக்கு நினைவு வந்து மூடிக்கொண்டார். போனை நாகம்மையிடம் நீட்டினார். அவள் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மக்கா, செருப்பு கெடக்க வீடாப் பாத்து ஏறு. யாராவது கேட்டா, சுயம்புராஜ் அனுப்புனாருன்னு சொல்லு."