ஆவுடையம்மாள் பேச ஓர் இடம்

ஜெயபாய் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை எட்டே கால் பஸ்ஸில் ராஜபாளையம் வருவாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், இன்ஜினியர் ஐயாதுரையின் ஆபீஸ். ஐ.டி.ஐ.யில் கட்டட வரைபடம் படித்துவிட்டு இருபத்தோரு வயதில் அங்கே சேர்ந்தவள். 1987-இல் அவளுக்கு முப்பத்திரண்டு. கல்யாணம் இரண்டு முறை கூடிவந்து நின்றுபோனது. யாராவது அதைக் கேட்டால், "பிளான் பாஸாகலை" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஐயாதுரை வாயால் சொல்வார், அவள் வரைவாள், அவர் கையெழுத்துப் போடுவார். அந்த ஊர் வீடுகள் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். முன்னால் போர்டிகோ, மேலே வற்றல் காயப்போட மொட்டை மாடி, ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு. அதற்கு மேல் அந்த வெயிலூர் வீடுகள் எதுவும் கேட்டதில்லை.

அந்த வருஷம் சித்திரையில் சுயம்புலிங்கம் ஒரு புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். கூடவே அவர் மனைவி ஆவுடையம்மாள். செட்டியார்பட்டி சாலையில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட் அவருடையது. பதினெட்டு வயதில் இன்னொருவர் செட்டில் தறி பழுது பார்க்கும் பிட்டராக நுழைந்து, முப்பத்தைந்து வருஷம் தறிகளுக்கு நடுவே நின்று சொந்தக்காலில் எழுந்தவர். அந்தச் சத்தம் அவர் காதில் முக்கால் பங்கைத் தின்றுவிட்டது. அதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. இந்தக் காலத்தில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை என்பது அவர் கட்சி.

முட்டம் பக்கம் கடலோரத்தில் ஒரு தோப்பு வாங்கியிருந்தார். இரண்டு மகள்களும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். செட்டை மருமகன் பார்த்துக்கொள்கிறான். வருஷத்தில் பாதி நாள் கடற்கரையில் இருக்கலாம் என்று ஆசை. புத்தகத்தை விரித்துக் காட்டினார். வெள்ளைப் பெட்டி மாதிரி ஒரு வீடு. தட்டையான கூரை. கடலைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி.

"இதே மாதிரி மாடர்னா வேணும் சார். கட்டில்ல படுத்தா கடல் தெரியணும்."

ஆவுடையம்மாள் படத்தைக் குனிந்து பார்த்து, "சாயங்கால வெயில் பூரா உள்ளல்லா விழும்?" என்றாள். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவள் மறுபடி சொல்லவில்லை. டிராயிங் போர்டிலிருந்து ஜெயபாய் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வாரம் அவள் அந்தப் பெட்டியை வரைந்தாள். மேற்குச் சுவருக்கு வரும்போதெல்லாம் பேனா நின்றது.

"சார், அங்க மழை எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்னு பாக்க வேண்டாமா?"

"பார்ட்டி கேட்டதை வரைம்மா" என்றார் ஐயாதுரை. பிறகு கொஞ்சம் யோசித்து, "வேணும்னா போய்ப் பாத்துட்டு வா. அவிய கார்ல எடம் இருக்கும்" என்றார்.

ஆனி மாதத்தில் போனார்கள். சுயம்புலிங்கம் டிரைவர் பக்கத்தில். பின் சீட்டில் இவர்கள் இரண்டு பேர். நாகர்கோவில் தாண்டியதும் வானம் இறங்கி வந்தது. ஆவுடையம்மாள் குரலைத் தாழ்த்தாமலே பேசினாள். தாழ்த்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அந்த வீட்டுல இருக்கப்போறது ரெண்டே பேரு. அவியளுக்குக் காது கேக்காது. கடல் இரையுற எடத்துல நான் என்னத்தைச் சொல்ல, அவிய என்னத்தைக் கேக்க?"

"இதை அண்ணாச்சிகிட்ட சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். அதைத்தான் சொல்லுதேன், கேக்கலை."

தோப்பில் இறங்கியதும் காற்று குடையைப் பிடுங்கித் திருப்பியது. சுயம்புலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடலைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நின்றார். ஜெயபாய்க்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கீழே கிடந்த தென்னந்தடியைக் காட்டிக் கத்தினாள்.

"அண்ணாச்சி, கட்டில் இங்கதான் வருது. ரெண்டு பேரும் செத்த நேரம் உக்காருங்க. அக்கா ஏதாச்சும் பேசட்டும்."

உட்கார்ந்தார்கள். ஆவுடையம்மாளின் வாய் அசைந்தது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். கையை மடக்கிக் காதில் வைத்தார். அதற்குள் மழை வந்துவிட்டது. மேலிருந்து வரவில்லை, கடலிலிருந்து படுக்கைவசமாக வந்தது. மூன்று பேரும் தோப்பின் கிழக்கு ஓரத்தில் இருந்த தேங்காய்க் கொட்டகைக்கு ஓடினார்கள்.

கொட்டகையின் முன்பக்கம் கிழக்கே பார்த்தது. ஓலைக்கூரை நாலடி வெளியே நீண்டு இறங்கியிருந்தது. முதுகுச் சுவர் காற்றையும் அலைச் சத்தத்தையும் சேர்த்து மறித்துக்கொண்டது. நின்ற இடத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள் ஆவுடையம்மாள், சாதாரணக் குரலில்.

அவர் குனிந்து பார்த்தார். "அட! இதைக் காலைலயே சொல்லக் கூடாதா?"

"வீட்டுல சொன்னேன். கார்ல சொன்னேன். இப்ப அங்க தடியில உக்காந்தும் அதைத்தான் சொன்னேன்."

அவர் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வெகுநேரம் எடுத்தது.

"நீ இப்பல்லாம் பேசுறதே இல்லைன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்றார்.

"நான் பேசிக்கிட்டுதான் இருக்கேன்."

ஜெயபாய் அந்தப் பக்கம் திரும்பாமல் கொட்டகைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரும்புக் கீல் துருவேறி உப்பி, தொட்டால் உதிர்ந்தது. மரத் தாழ்ப்பாள் அப்படியே இருந்தது. கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி எத்தனை முழம் நீள்கிறது என்று கையால் அளந்தாள். கண் கலங்கியதை மழைச் சாரல் என்று யாரும் நினைக்க வழியில்லாத இடம் அது.

ஊர் திரும்பி முதலிலிருந்து வரைந்தாள். காற்று குறுக்கே புகுந்து வெளியேறும்படி ஒற்றை அறை அகலத்தில் நீளமான வீடு. ஆளுயர அஸ்திவாரம் இல்லை, ஆனால் மண்ணிலிருந்து மூன்றடிக்குக் குறையாமல் உயர்த்திய தரை. சாய்வான கான்கிரீட் கூரை, மேலே ஓடு, நாலடி இறவாரம். மேற்கே ஆழமான வராந்தா. அதற்கு இழுத்து மூடும் மரச்சட்டக் கதவுகள். கீலெல்லாம் பித்தளை. படுக்கையறையில் படுத்தால் கடல் தெரிய ஒரே ஓர் அகல ஜன்னல். கிழக்கே இரண்டு அறைகளுக்கு நடுவில், மூன்று பக்கம் சுவரும் முன்பக்கம் திறப்புமாக ஒரு மூலை, இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு. வில்லிபுத்தூரில் ஜெயபாய் போகும் சர்ச்சில் கூட்டம் குறைந்த நாளில் போதகர் பேச்சு சுவரில் மோதிக் கலங்கும். கூட்டம் நிறைந்த நாளில் தெளிவாகக் கேட்கும். அதை நினைத்து, எதிரொலி அடங்க அந்த மூலைக்குப் பலகை அடித்த உள்கூரையும், தரைக்குக் கயிற்றுப் பாயும் எழுதினாள்.

"கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பீச் ஹவுஸா?" என்றார் ஐயாதுரை.

"முதுகில்ல சார். லேசா தோளைத் திருப்பியிருக்கு, அம்புட்டுதான்."

சுயம்புலிங்கம் படத்தை வெகுநேரம் பார்த்தார். புத்தகத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அந்த மூலையில் விரலை வைத்து, "இதை மட்டும் ஒரு அடிகூட கொறைச்சிராதீங்க" என்றார். 1989 தை மாதம் பால் காய்ச்சினார்கள்.

ஐப்பசியில் ஆவுடையம்மாளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'இங்கே மழை கிழக்கிலிருந்து அடிக்கிறது. நீ போட்ட மூலையில் தண்ணீர் குளம் கட்டி நிற்கிறது. ஒரு நடை வந்துவிட்டுப் போ.'

ஜெயபாய் கார்டை இன்னொரு தடவை படித்தாள். வில்லிபுத்தூரில் மழை என்றாலே ஐப்பசியில் கிழக்கிலிருந்து வருவதுதான். பிறந்ததிலிருந்து நனைந்த மழையை மறந்துவிட்டு, ஒரே ஒரு நாள் பார்த்த மழைக்கு வீடு போட்டிருந்தாள்.

சனிக்கிழமை பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தாள். மூலையில் கயிற்றுப் பாய் ஊறிக் கிடந்தது. நாற்காலி இரண்டும் மேற்கு வராந்தாவுக்குப் போயிருந்தன. அந்த மாதத்தில் கடல் அந்தப் பக்கம் அடங்கிக் கிடந்தது. மூத்த மகளுக்கு என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணாச்சி."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். "என்ன தப்பு? அஞ்சாறு மாசம் அங்க, மிச்ச மாசம் இங்க. நாற்காலியத் தூக்கிட்டு வந்தாப் போச்சு."

அவள் கேட்கவில்லை. அந்த மூலையின் கிழக்கு வாசலுக்கும் மடக்குச் சட்டக் கதவு ஒன்று வரைந்து, பக்கத்து ஊர் ஆசாரியிடம் அன்றைக்கே அளவு கொடுத்தாள். பின்னாளில் அந்தக் கடற்கரையில் ஆறு வீடுகளுக்கு அவள் படம் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஆனியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை நேரில் போய் நனைந்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மீன்குழம்பும் சோறும் போட்டு, "கண் அசந்துக்கோ" என்று ஆவுடையம்மாள் பாய் விரித்தாள். முந்நூறு வீட்டுக்கு மேல் வரைந்தவள், தான் வரைந்த ஒரு வீட்டில் படுப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னல் சட்டங்களின் வழியே ஈரக்காற்று வந்தது. வராந்தாவில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. சொல் பிடிபடவில்லை, குரல்கள் மட்டும் மாறி மாறிக் கேட்டன. எப்போது தூங்கினாள் என்று தெரியாது.

"ஏட்டி, நாலு மணி பஸ்ஸு போயிரும்" என்று காப்பியோடு வந்து எழுப்பினாள் ஆவுடையம்மாள்.

ஜெயபாய் எழுந்து தம்ளரை வாங்கிக்கொண்டாள். "இன்னைக்கு இருந்துட்டுக் காலைல போறேன்க்கா" என்றாள்.