கொடி கட்டிய கொக்கிக் கம்பு

காஜா பேராங் என்ற ஊரில் என்னோடு வசிக்கும் அக்காவுக்கு இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் விளங்காது. நாற்காலியில் இருந்தபடியே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தவும் அலமாரியிலிருந்து துணி எடுக்கவும் கொக்கி வைத்த ஒரு மூங்கில் கம்பு வைத்திருந்தாள். எனக்கு அது வெறும் கம்பு.

மெர்டேக்கா எனும் சுதந்திர நாள் காலையில் கொடி கட்ட வேறு கம்பு கிடைக்கவில்லை. அக்கா கண்ணயர்ந்திருந்தாள். கொக்கியை அறுத்துப் போட்டுவிட்டு, அவள் கம்பில் கொடியைக் கட்டிக்கொண்டு திடலுக்கு ஓடினேன்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியபோது அக்கா ஜன்னலடியில் ஈரத் தரையில் கிடந்தாள். சாரல் அடிக்கிறதே என்று கதவைச் சாத்த எக்கி, விழுந்திருக்கிறாள். நெற்றியில் ரத்தம். தூக்கி உட்கார வைத்தேன். நான் வாசலில் போட்ட கம்பைப் பார்த்தாள்.

“கொடி நல்லா பறந்துச்சா தம்பி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் புது மூங்கிலை என் தோள் உயரத்துக்கு வெட்டப் போனேன். “நீயா உக்காந்து புடிக்கப்போற? இங்க கொண்டா,” என்று அவளே அளவு காட்டினாள். அப்போதும் அவளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

இப்போது அந்தக் கம்பு அவள் கைக்கெட்டும் ஆணியில் தொங்குகிறது. அது அங்கே இருக்கிறதா என்று பார்க்காமல் நான் வெளியே கிளம்புவதில்லை. கொடிக்குத் தனிக் கம்பு வாங்கிவிட்டேன். கொடியை ஏற்றும்போது மட்டும் அக்காவின் நெற்றித் தழும்பைப் பார்க்க முடிவதில்லை.