எலும்பு தேறும் காலம்

முதலில் வந்தது தாகம்தான். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் நான் நடத்துனர். ஒரு நடைக்குள் இரண்டு பாட்டில் தண்ணீர் காலியாகும். அதற்கேற்ப வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடுவேன். பயணிகள் முணுமுணுப்பார்கள். ஓட்டுநர் கருப்பையா மட்டும் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். சர்க்கரையாக இருக்கும் என்று பரிசோதித்தேன். சர்க்கரை இல்லை.

பிறகு சிறுநீரகக் கல், ஒரே வருடத்தில் இரண்டு முறை. வாழைத்தண்டுச் சாறு குடித்தேன். கல்லை உடைத்தும் எடுத்தார்கள். ஏன் மறுபடி வருகிறது என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. இதைப் படிக்கும் உங்களுக்குக் கல் இரண்டாம் முறை வந்திருந்தால், ரத்தத்தில் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) எவ்வளவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரணப் பரிசோதனைதான்.

கல்லைவிடக் கொடுமை, தலைக்குள் இறங்கிய மந்தம். டிக்கெட் வாங்கியவரிடமே மறுபடி டிக்கெட் கேட்டேன். வீட்டில் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். இல்லையென்றால் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். ஒரு மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி மேரி, சட்டையை வாங்குவதுபோல் அருகே வந்து மூச்சை இழுத்தாள். குடித்திருக்கிறேனா என்று முகர்ந்து பார்த்தாள். நான் தொட்டதே இல்லை. ஆனால் அவள் அப்பா குடித்தே செத்தவர். அதனால் கோபப்படக்கூட முடியவில்லை. மறுநாளும் முகர்ந்தாள்.

ஒருநாள் சிமெண்ட் லாரி ஒன்று குறுக்கே வந்தது. கருப்பையா பிரேக் போட்டார். மேல்கம்பியைப் பிடித்திருந்த என் வலது முன்கை அப்படியே முறிந்தது. பஸ்ஸில் வேறு யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தார். "இந்த அடிக்கு இந்த எலும்பு ஒடையக் கூடாதுங்க" என்றார். அவர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியமும் பாராதைராய்டு சுரப்பு நீரும் மிக அதிகம். பாராதைராய்டு (தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், அரிசியளவே உள்ள நான்கு சுரப்பிகள்) ரத்தத்தில் கால்சியத்தை அளவாக வைப்பவை. எனக்கு அவற்றுள் ஒன்றில் புற்றுநோயல்லாத கட்டி வளர்ந்திருந்தது. அது ஓயாமல் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. தாகம், கல், மறதி, எரிச்சல் எல்லாமே அதனால்தான்.

திருச்சியில் அறுவை சிகிச்சை. குரல் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் குரல் கம்மலாம் என்று முன்னதாகவே சொன்னார்கள். இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டேன். அறைக்குள் கொண்டுபோகக் காத்திருந்தபோது மேரி வாய் திறந்தாள்.

"ஏங்க, ஒரு வருஷமா நீங்க குடிக்கிறீங்கன்னுதான் நெனச்சேன். மோந்துகூட பாத்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எனக்கே எம்மேல சந்தேகமா இருந்துச்சு மேரி. புத்தி பெரண்டுருச்சோன்னு பயந்துட்டேன்."

அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை விடவில்லை.

மொச்சைக்கொட்டை அளவுக்கு வீங்கிய ஒரு சுரப்பியை எடுத்தார்கள். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. மறுநாள் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. விரல்கள் தாமாக மடங்கின. இதுநாள்வரை பட்டினி கிடந்த எலும்பு, ரத்தத்திலிருந்த கால்சியத்தை அவசரமாக இழுத்துக்கொள்கிறது என்றார் மருத்துவர். கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிச் சரிசெய்தார்கள். உங்களுக்கும் இப்படி ஆனால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்; உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். குரல் ஒரு மாதம் கம்மிக் கிடந்தது. நான் பேசுவதைக் கேட்க மேரி கிட்டே வந்து குனிய வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு காலையில் விழித்தபோது, அன்று என்ன கிழமை என்று யாரையும் கேட்காமலே தெரிந்தது. தாகம் போயிருந்தது. போன வருடம் மட்டும் திரும்பி வரவில்லை. தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசப் படத்தில் நான் பாயசம் பரிமாறிக்கொண்டு சிரிக்கிறேன். அந்த நாள் எனக்கு நினைவில்லை.

எலும்பு பழையபடி கெட்டிப்பட ஒன்றிரண்டு வருடம் ஆகும் என்கிறார்கள். நிமிடத்தைத் துரத்தியே பிழைத்தவனுக்கு அது நீண்ட காலம். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

போன ஞாயிறு ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பூசை முடிந்து, பயணியாக பஸ்ஸில் வந்தேன். மகள் ஜெனி என் தோளில் சாய்ந்தாள். நோயின்போது அவள் இப்படிச் சாய்ந்தால், எலும்பு வலி பொறுக்காமல் தள்ளிவிடுவேன்; ஏனென்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது அவள் முழுக் கனத்தோடும் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொஞ்சம் வலித்தது. நாங்கள் இறங்க வேண்டிய இடத்தின் பெயரை நடத்துனர் இரண்டு முறை சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துகொள்ளலாம் என்றிருந்தேன்.