முழு மாத்திரை போட்டுக்கொண்டு போன நாள்

துறைமுக வாசலில் என் டீயைக் குடிக்காத லாரி டிரைவர் ஒருவன் இருந்தால், அவன் தூத்துக்குடிக்கே வராதவன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தகரக் கொட்டகையில் டீ ஆற்றியே மூன்று பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தேன். இரண்டு கையும் விரிகிற தூரத்துக்கு ஆற்றுவேன். ஒரு சொட்டு கீழே விழாது.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். சம்சாரம் ஒருத்தியால் பாதி நாள்தான் கடை திறக்க முடிந்தது. காசு போதாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக் காலத்தை ஓட்டினோம். இந்த நோய்க்கும் மாற்றுத்திறனாளிச் சான்று உண்டு, அதை வாங்கினால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும் என்று மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார்.

சான்று கொடுக்கிற முகாமன்று சம்சாரத்தோடு போனேன்; பெரியாஸ்பத்திரி வரிசை முழுக்க என் டீ குடித்த முகங்கள். விபத்தில் காலை இழந்த டிரைவர் ஒருவர் கூப்பிட்டார்.

"என்ன அண்ணாச்சி, இங்கனயும் கடை போட்டுட்டியளா?"

இவர்கள் முன்னால் நான் நடுங்குவதா? தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய் ஒரு முழு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். எங்கள் முறை வருவதற்குள் கை பாறைபோல் ஆடாமல் நின்றுவிட்டது.

டாக்டரம்மா சின்ன வயது. கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். விரலைத் தட்டச் சொன்னார், தட்டினேன்.

"ரெண்டு தம்ளர் தாங்க டாக்டர், ஆத்தியே காட்டுதேன்" என்றேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க ஐயா? சான்று எப்படித் தர?"

நெஞ்சு நிமிர்ந்தது. அதன் பிறகுதான் சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் சட்டைப் பையில் கையை விட்டு மாத்திரை அட்டையை எடுத்து மேசையில் போட்டாள்.

"முழுசா முழுங்கிட்டு வந்திருக்காரு டாக்டர். வீட்டுல சட்டைப் பித்தான் மாட்டிவிடுதது நானு. இங்க வந்து சண்டியர் கணக்கா நிக்காரு."

"ஏளா, சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. பேசிப் பேசித்தான் காரியத்தைக் கெடுத்திய."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாத்திரையில் நடுக்கம் அடங்கினால் நோய் போய்விட்டதென்று அர்த்தமில்லை, மாத்திரையின் வேகம் இறங்கட்டும், பிறகு பார்க்கிறேன் என்று வெளியே உட்காரச் சொன்னார்.

மதியத்துக்கு மேல் கை தன் வேலையை ஆரம்பித்தது. துண்டுக்குள் ஒளித்தேன். பக்கத்தில் இருந்த டிரைவர் பார்த்துவிட்டார்.

"விடுங்க அண்ணாச்சி. நான் இந்தக் கட்டைக்காலை எங்கன கொண்டு ஒளிக்க?"

எனக்கும் சிரிப்பு வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டேன்.

உள்ளே மேசைமேல் இரண்டு தம்ளர் தயாராக இருந்தன. "ஆத்துங்க ஐயா" என்றார் டாக்டரம்மா. மேசை, காகிதம், என் வேட்டி எல்லாம் தண்ணீர். துடைக்க வந்த சம்சாரத்தைத் தடுத்தேன்.

"இருக்கட்டும்ளா. நல்லா பாக்கட்டும்."

சான்று வந்தது. உதவித்தொகையும் வருகிறது. இப்போது மாத்திரையை உடைப்பதில்லை. முழு மாத்திரையின் தெம்பில் நான் கல்லாவில் உட்கார, கடை முழு நாளும் திறந்திருக்கிறது. சம்சாரம் ஆற்றுகிறாள், நான் குறை சொல்கிறேன்.

துறைமுகத்தில் டீ ஆற்றியவர்கள் எத்தனையோ பேர். சிந்தியதற்குச் சர்க்கார் முத்திரை வாங்கியவன் நான் ஒருவன்தான்.